சோமனூர் பூட் மெனுவும் ஒரு லோடு ஹாலோபிளாக்கும்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் கண்ணுகளா, உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இடுப்பு வலி இல்லை, மூக்குக்கண்ணாடி இல்லை, எந்தக் கோளாறுக்கும் போனைத் தட்டினால் விடை வந்துவிடுகிறது. நான் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கடைக்குள் வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, ரிப்பேர் பண்றவரு எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்தாச்சுங்க, உட்காருங்க" என்று சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது. சரிசெய்து கொடுத்த பிறகும் "எதுக்கும் அவரு ஒருக்கா பார்த்துட்டா நல்லதுங்க" என்றவர்களிடம் மீதிப் பாதியும் போய்விட்டது.

இப்போது ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக இருந்தவளைக் கூப்பிட்டு, "அக்கா, பூட் மெனு பத்தி பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். கட்டளைகளை நான் சொல்லப்போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், தெரியாவிட்டால் போன் சொல்லும். போன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தால், சுவிட்ச் போட்டதும் கறுப்புத் திரையில் அவற்றின் பெயர்கள் வரிசையாக வந்து, எதற்குள் போகலாம் என்று கேட்கும். அந்த வரிசையில் எது மேலே, எது கீழே என்பதை நாம் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. சோமனூர் போகும் வரை நானும் நினைத்ததில்லை.

சோமனூரில் மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து தறி ஓட்டினார்கள். ஊரில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர், நடுவுலவர், சின்னவர், அவ்வளவுதான். வசதிக்குக் குறைவில்லை. வாசலில் கார் நிற்கும், தோட்டத்தில் தென்னை நிற்கும், ஆனால் ஷெட்டுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

"ரெண்டாவது கம்ப்யூட்டர் வாங்குனா, இவனுங்க பிரிஞ்சுட்டானுங்கன்னு ஊருக்குள்ள பேச மாட்டாங்களாங்க?" என்றார் பெரியவர்.

ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு பற்றவைத்தால் என்ன அர்த்தமோ, அந்த ஷெட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தாலும் அதே அர்த்தம். அதனால் பெட்டி ஒன்று, அதற்குள் குடித்தனம் மூன்று. பெரியவருக்கு ஒரு பழைய விண்டோஸ். நடுவுலவருக்கு ஒரு புது விண்டோஸ், அதில் கணக்கு, பில், ஜிஎஸ்டி எல்லாம். சின்னவருக்கு லினக்ஸ். அதில்தான் அவர் புதிதாக இறக்கிய ஜக்கார்டு தறிகளுக்குச் சேலை டிசைன் அனுப்பும் புரோகிராம் ஓடியது. அது நின்றால் அந்தத் தறிகளும் நின்றுவிடும். அவை ஓடாத நேரத்தில்தான் மற்ற இருவரும் பெட்டியைத் தொடுவார்கள். பெரியவர் தன்னுடைய விண்டோஸில் என்ன வேலை செய்தார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இந்தக் கதை நடந்த அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பேன்.

ஒரு நாள் காலையில் நடுவுலவரிடமிருந்து போன். "அம்மணி, காரு அனுப்பியிருக்கறேன், உடனே கிளம்பி வாங்க. செவுரு எந்திரிக்கறதுக்குள்ள வந்துருங்க" என்றார். செவுருக்கும் சர்வீசுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் குரல் அழாத குறையாக இருந்ததால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காரில் போகும்போது போனிலேயே கதை முழுவதையும் சொன்னார்.

இரண்டு நாளைக்கு முந்தைய சாயங்காலம், வேலை முடித்து எழும்போது அவருடைய விண்டோஸ், அப்டேட் போட்டு அணைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறது. மரியாதையாகக் கேட்கிறதே என்று அமுக்கியிருக்கிறார். அன்று ராத்திரி ஷிப்ட் இல்லை. விடிந்து சுவிட்ச் போட்டால் மெனு வரவில்லை. நேராக நடுவுலவர் விண்டோஸ் மட்டும் வந்து நின்றிருக்கிறது. இது நமக்குப் பழகிய சங்கதிதான். அப்டேட் சில சமயம் மெனுவை அழித்துவிடும். மற்ற இரண்டும் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருக்கும், உள்ளே போகும் வழி மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஆனால் அவர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. "என்னைய அழிச்சுப்போட்டு இவன் மட்டும் உட்கார்ந்துக்கிட்டான்" என்றிருக்கிறார் பெரியவர். ஜக்கார்டு தறிகள் நின்ற கோபத்தில் சின்னவர், "இனி நான் தனியா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கறேனுங்ணா" என்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. "தனியா வாங்கறதுன்னா தனியாவே இருந்துக்கலாம்" என்று பெரியவர் கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டார்.

"நேத்தே ஏனுங்க என்னையக் கூப்பிடலை?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டுட்டு இருந்தோமுங்க, நேரமில்லாமப் போச்சு" என்றார் நடுவுலவர்.

எங்கள் பக்கம் சண்டை போட்டாலும் வேலை சுத்தமாக நடக்கும். நான் போய் இறங்கும்போது ஷெட் வாசலில் ஒரு லோடு ஹாலோபிளாக் கல் அடுக்கியிருந்தது. அவிநாசியிலிருந்து வந்த கொத்தனார் சிமென்ட் கலவையைக் குழைத்துக் குவித்து வைத்திருந்தார். சின்னவருடைய ஜக்கார்டு தறிகள் ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறுபக்கம் என்று ஷெட்டின் நடுவே நூல் கட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டர் மேசை ஷெட்டின் மையத்தில் இருந்ததால், அந்த நூல் சரியாக மானிட்டரின் தலைக்கு மேலே போனது.

"ஏனுங்க, இந்த மேசை எந்தப் பக்கமுங்க?" என்று கொத்தனார் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்தாப்புல கட்டிப்போடறேன். இல்லீன்னா நடுவுல ஒரு ஓட்டை உட்டுக் கட்டறேனுங்க. அந்தப் பக்கம் ஒருத்தரு டிவியப் பாருங்க, இந்தப் பக்கம் ஒருத்தரு அமுத்துங்க."

என்னைப் பார்த்ததும் பெரியவர், "சார் வரலீங்களா அம்மணி?" என்றார். இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் அதைத்தான் கேட்டார்.

அங்கே நின்றபோது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சுவர் ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டால், பிறகு அதை யாரும் இடிக்கமாட்டார்கள். இடிக்க வேண்டுமானால், கட்டியது தப்பு என்று யாராவது ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த வீட்டில் ஆள் கிடையாது. கொத்தனார் வேறு, "கலவை போட்டாச்சுங்க, ரொம்ப நேரம் தாங்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பென்டிரைவை எடுத்துச் செருகி வேலையைத் தொடங்கினேன். என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மெனு திரும்பி வந்துவிட்டது, மூன்று சிஸ்டமும் வந்துவிட்டன, ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. எனக்கு ஒரே பெருமை. மூவரையும் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் நிறுத்தி, "பாருங்க, ஒண்ணும் அழியலை" என்று திரையைக் காட்டினேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செரிங்க. கட்டுங்க கொத்தனாரே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவுலவர் என் காதருகே குனிந்து, "அம்மணி, அண்ணன் எப்பவும் மேலதானுங்க இருப்பாரு" என்றார்.

"எங்க மேல?"

"அதுலதானுங்க" என்று மானிட்டரைக் காட்டினார்.

நான் புதிதாக எழுதவைத்த மெனு, வழக்கம்போல லினக்ஸை முதலில் போட்டுவிட்டு, மற்றவற்றைக் கண்டுபிடித்த வரிசையில் கீழே போட்டிருந்தது. அதாவது சின்னவர், நடுவுலவர், கடைசியில் பெரியவர். முன்பு யாரோ கையால் திருத்திப் பெரியவரை மேலே வைத்திருந்திருக்கிறார்கள். அது என் வேலையில் அழிந்துபோயிருந்தது. ஊர் நோம்பித் திருவிழாவில் உடைத்த தேங்காயில் முதல் மூடி வாங்குகிறவர், பந்தியில் முதல் இலைக்கு உட்காருகிறவர், சொந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு தம்பிகளுக்கும் கீழே கிடந்தார். தொழில்முறையில் பார்த்தால் அந்த மெனுவில் ஒரு குறையும் கிடையாது. கொத்தனார் முதல் கல்லைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்று கத்திவிட்டு வரிசையை மாற்றி, அவரவர் பெயரையும் எழுதினேன். பெரியவர் மேலே, அடுத்து நடுவுலவர், அடுத்து சின்னவர். வயது வரிசை. வெளியே போய்ப் பெரியவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. "இது முறை" என்றார். கொத்தனார் கல்லைக் கீழே வைத்தார்.

இந்த முறை சின்னவர் கல்லாக நின்றார். "அக்கா, இதுதானுங்க பிரச்சினையே. கரண்டு போயிப் போயி வருமுங்க. வந்ததும் கம்ப்யூட்டர் தானா ஆனாகி, கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துட்டு, மேல இருக்கற அண்ணன்ற சிஸ்டத்துக்குள்ள போயி உட்கார்ந்துக்கும். என்ற தறியெல்லாம் டிசைன் வராம நிக்கும். நான் நூல் மில்லு, சாயப்பட்டறைன்னு வெளிய சுத்தறவன். ஒவ்வொருக்காவும் ஓடியாந்து மாத்த முடியுங்களா? இந்தச் சீசன் ஆர்டர் போச்சுன்னா அடுத்த சீசனுக்கு எவன் கூப்பிடுவான்?"

யூபிஎஸ் இருக்கிறதே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். இருந்தது. அதன் பேட்டரி மூன்று பேருக்கும் பொது என்பதால் ஒருவரும் மாற்றவில்லை. கரண்ட் போனால் அது ஒரு கீச்சு கத்திவிட்டுக் கூடவே போய்விடும்.

சின்னவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சரி, இதற்கும் வழி உண்டு என்று நினைத்தேன். பெரியவர் பெயர் மேலேயே இருக்கட்டும், ஆனால் தானாகப் போகும்போது மூன்றாவது வரியான லினக்ஸுக்குள் போகட்டும். இது ஒரு சின்னத் திருத்தம். செய்து காட்டினேன். மெனு வந்தது. பெரியவர் மேலே இருந்தார். தேர்ந்தெடுத்ததைக் காட்டும் வெள்ளைப் பட்டை மூன்றாவது வரியில் போய் விழுந்தது.

பெரியவர் அதையே பார்த்தார். "அம்மணி, பேரு என்றது மேல இருக்குது. வெள்ளையா ஒண்ணு அவன் மேல உளுகுது. அப்ப நான் சும்மா பேருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அது வேடிக்கையான கேள்வி என்றுதான் அப்போது நினைத்தேன். நடுவுலவர் இதற்குள், "என்னையப் பத்தி ஒருத்தரும் பேசலீங்களே. நான் மேலயும் இல்ல, பட்டையும் இல்ல" என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க, அப்டேட்டை அமுத்துனவரு நீங்கதான்" என்றேன். பாவம், பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கொத்தனார் யாரையும் கேட்காமல் முதல் வரிசைக் கல்லை மேசைக் கால் வரைக்கும் வைத்துவிட்டார். "கலவை வீணாப் போகுமுங்க, என்னால பார்க்க முடியலை" என்றார்.

மண்டை காய்ந்துபோய்ச் சுற்றும் முற்றும் பார்த்தேன். சுவரில் கரண்ட் மீட்டர். ஷெட்டின் மின் இணைப்பு பெரியவர் பெயரில்தான் இருந்தது. மூவரும்தான் கரண்டை உபயோகிக்கிறார்கள், அதில் எந்தச் சண்டையும் இல்லை. அட, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று தோன்றியது. மெனுவில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் அல்லவா? மூன்று வரிகளிலும் பெரியவர் பெயரையே போட்டேன். அவர் பெயர் போட்டுச் சாமி, அவர் பெயர் போட்டுக் கணக்கு, அவர் பெயர் போட்டுத் தறி. பெரியவருடைய சிஸ்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், பெரியவர்தானே என்று சாமி என்று வைத்தேன். இனிமேல் வெள்ளைப் பட்டை எந்த வரியில் விழுந்தாலும் அவர் மேலேயே விழும். சின்னவருக்குத் தறி ஓடினால் போதும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

என் அறிவை நானே மெச்சிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் படித்தார். அவருடைய முகம் சுருங்கிப்போனது.

"ஏனுங்க அம்மணி, என்ற தம்பிக பேரே இதுல காணோமே? நாளைக்கு மாமன் மச்சான் யாராச்சும் வந்து பார்த்தா, அண்ணங்காரன் மூணையும் முழுங்கிப்போட்டான்னு சொல்ல மாட்டாங்களா? எடுங்க, எடுங்க. மொதல்ல அதை எடுங்க."

தம்பிகளோடு சுவர் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்த மனிதருக்கு, தம்பிகளின் பெயர் இல்லாத மெனுவைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அட கெரகமே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணுகளா, இந்த இடத்தில் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என்னைக் கூப்பிட்ட வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவர் அந்த மெனுவை எடுக்கச் சொன்ன வேகம் என்னை என்னவோ செய்தது. சண்டை மெனுவில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பிகள் இருவரும் கொத்தனாரிடம், அந்த முதல் வரிசை நூலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது. பெரியவருக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, வந்த உடனே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஏனுங்ணா, நீங்க இதுல என்ன வேலை பண்ணுவீங்க?"

அவர் தயங்கினார். "போட்டுக் காட்டட்டுங்களா?" என்றார். முதல் வரியில் நின்று என்டரைத் தட்டினார். பழைய விண்டோஸ் முக்கி முனகி எழுந்தது. திரை முழுக்க அவர்களுடைய குலதெய்வத்தின் படம். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு மவுஸைப் பிடித்து மெதுவாக நகர்த்தி, ஷட்டவுனை அமுக்கினார். திரை இருண்டது.

"அப்பறமுங்க?"

"அவ்வளவுதானுங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். "தறியச் சின்னவன் பார்த்துக்கறான். கணக்க நடுவுலவன் பார்த்துக்கறான். ரெண்டு பேரும் கெட்டிக்காரனுங்க. என்னைய ஒண்ணும் செய்ய உட மாட்டாங்க, நீங்க சும்மா உட்காருங்கண்ணாம்பாங்க. காத்தால இதப் போட்டு அணைச்சா, நானும் வேலைக்கு வந்த மாதிரி ஒரு இதுங்க. நேத்து அதுவும் வரலை."

மேல் வரி வேண்டும், வெள்ளைப் பட்டை வேண்டும் என்று அவர் கேட்டதெல்லாம் கௌரவம் என்று நினைத்து, நானும் கௌரவத்துக்கே மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஷெட்டில் தனக்கு என்ன வேலை என்று தெரியாமல் ஒரு மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். தம்பிகள் மரியாதை கொடுத்துக் கொடுத்தே அவருடைய வேலையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள்.

அப்போது நான் செய்ததை எந்தப் பரீட்சையில் எழுதினாலும் உங்களுக்கு முட்டைதான் கிடைக்கும். கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, மெனு தானாக நொடி எண்ணும் அந்த எண்ணிக்கையையே எடுத்துவிட்டேன். இனி அது தானாக எதற்குள்ளும் போகாது. யாராவது ஒருவர் வந்து சாவியைத் தட்டும் வரை அப்படியே காத்துக்கொண்டிருக்கும். வரிசை வயதுப்படி, பட்டை மேல் வரியில், பெயர்கள் அவரவர் பெயர். மூவரையும் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

சின்னவர் குதித்தார். "அக்கா, தானாப் போகணும்னுதானுங்க நான் கேட்டேன். இப்ப யாருக்குள்ளயும் போகாதுங்கறீங்க. கரண்டு வந்தா அமுத்தறதுக்கு ஆளு வேணுமே?"

"ஆளு இருக்கறாருங்க" என்று பெரியவரைக் காட்டினேன். "யாருக்கு எப்பத் தொறந்து உடணும்னு அண்ணன் பார்த்துக்குவாரு."

"ராத்திரி ஷிப்ட்டுல?"

"என்ற கட்டிலே ஷெட்டுக்குப் பக்கத்துலதான்டா கெடக்குது" என்றார் பெரியவர். "தூக்கம் எங்க வருது எனக்கு? தறிச் சத்தம் நின்னா முழிச்சுக்கறேன்."

சின்னவர் நம்பாமல் நின்றார். அவர் மேல் தப்பில்லை. இத்தனை பணம் போட்டு மெஷின் இறக்கியவர், அண்ணனுடைய ஒரு விரலை நம்பி உட்காருவதா? "இது சரிப்படாதுங்க, செவுரே இருக்கட்டும்" என்றார். கொத்தனார் இரண்டாவது வரிசைக்குக் கலவையை அள்ளினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

யூபிஎஸ் ஒரு கீச்சு கத்திவிட்டு அடங்கியது. ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த சாதாத் தறிகளும் நின்றன. சோமனூரில் தறிச் சத்தம் நின்றால் வரும் அமைதி காதை அடைக்கும். கொத்தனார்கூடக் கரண்டியோடு அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்து, கறுப்புத் திரையில் மூன்று வரிகளைக் காட்டிவிட்டு நின்றது. எண்ணிக்கை இல்லை, அவசரம் இல்லை. வெள்ளைப் பட்டை பெரியவர் பெயரில் இருந்தது.

பெரியவர் எழுந்தார். கண்ணாடியைத் தேடி மாட்டினார். கொத்தனார் வைத்த ஒரு வரிசைக் கல்லைத் தாண்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். "எதுங்க அம்மணி, கீழ போறது?" என்றார். அம்புக்குறி போட்ட சாவியைக் காட்டினேன். ஒரு தட்டு தட்டினார், பட்டை நடுவுலவர் பெயருக்கு இறங்கியது. இன்னொரு தட்டு தட்டினார், சின்னவர் பெயருக்கு வந்தது. நின்று ஒருமுறை படித்துச் சரிபார்த்தார். பிறகு என்டரைத் தட்டினார்.

சின்னவருடைய புரோகிராம் எழுந்தது. ஆட்கள் ஓடிப்போய்த் தறியைப் போட்டார்கள். இரண்டு நாளாக ஊமையாகக் கிடந்த ஜக்கார்டு தறிகள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட ஆரம்பித்தன. பெரியவர் கையை எடுக்காமல் கீபோர்டு பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு, "டீ ஆறிப்போச்சுங்ணா, வேற கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்றார். எங்கள் பக்கம் மன்னிப்பை அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூட் மெனு சரிசெய்யப் போய் அழுத சர்வீஸ் ஆள் இந்தக் கோவை ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அப்ப செவுருங்க?" என்றார் கொத்தனார்.

"போச்சாதுங்க, செவுரு வேண்டாம். பின்னால தண்ணித் தொட்டி ஒழுகுது, அந்தக் கலவைய வெச்சு அதப் பூசிப்போடுங்க" என்றார் பெரியவர். வைத்திருந்த ஒரு வரிசைக் கல்லைச் சிமென்ட் இறுகுவதற்குள் பிடுங்கியாக வேண்டும். அதை மட்டும் மூன்று பேரும் சேர்ந்து குனிந்து செய்தார்கள். நடுவுலவர்தான் அதிகமாகப் பிடுங்கினார்.

இப்போது நீங்கள் கேட்கலாம், இதில் எங்களுக்கு என்ன பாடம் என்று. ஒரு பெட்டி ரிப்பேருக்கு வந்தால், பெட்டியைத் திறக்கும் முன் அதன் முன்னால் உட்காருகிற ஒவ்வொருவரையும், இதில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பவரை இரண்டாவது முறை கேளுங்கள். சரியான விடை உங்கள் கையில் இருக்கும்போதுதான் இதை மறந்துபோவீர்கள். நான் மறந்ததும் அப்போதுதான்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் சோமனூரிலிருந்து போன் வரவில்லை. ஒரு நாள் பெரியவரே கூப்பிட்டார். பின்னால் தறிகள் ஓடும் சத்தத்தில் அவர் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அம்மணி, ஒரு ஆளு அனுப்புங்க. மேல இருக்கற என்ற லைன எடுத்துப்போடணும்."

"ஏனுங்ணா, தம்பிக ஏதாவது சொல்லிப்போட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சாமி படத்தச் சின்னவன் அவன்ற சிஸ்டத்துலயே போட்டுக் குடுத்துட்டான். கரண்டு வந்ததும் தம்பிகளுக்குச் சட்டுனு போட்டு உடலாம்னு ஓடியாந்தா, ஒவ்வொருக்காவும் என்னையத் தாண்டித்தானுங்க போக வேண்டியிருக்குது. குறுக்கால நிக்குதுங்க."